ஒன்றாம் எண்ணின் பெயர்

முதலைகள் என்று நாங்கள் அழைக்கும் லெசோத்தோ தேசியக் கால்பந்து அணியின் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்களுக்கு, மாலினேயோ அம்மையாரின் முகம் தெரிந்திருக்க வழியில்லை. குரல் தெரிந்திருக்கும். மசேரு அரங்கின் ஒலிபெருக்கிகளில் வீரர்களின் பெயர்களை வாசித்தவர் அவர். அரசின் மின்பணித் துறை ஊழியனாக அந்த ஒலிபெருக்கிகளைப் பராமரித்தவன் நான். அலமாரி அளவே உள்ள அறிவிப்பு அறையில், ஒரே பெஞ்சின் இரு முனைகளில் நாங்கள் இருந்தோம்.

அவர் மொகோட்லோங் மலைப்பகுதியில் பிறந்து, தட்டச்சு கற்று, கால்பந்துச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். அந்நாளில் எங்கள் அணியின் வரலாறு பெரும்பாலும் தோல்விகளின் வரலாறே. போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கங்களிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் ஆகியோரே வீரர்கள். மலைக்காற்றின் மெல்லிய தன்மையைப் பன்னிரண்டாவது ஆட்டக்காரராக நம்பியிருந்தோம். கடற்கரை நாட்டார் முதல் பாதியில் மூச்சு வாங்குவார்கள். இரண்டாம் பாதியில் தேறிவந்து கோல் போடுவார்கள். ஆட்டம் சமனில் முடிந்தாலே யாராவது ஒரு மாட்டை அறுத்துவிடுவார்கள்.

எங்கள் நாட்டில் குளிர்காலமான ஒரு ஜூன் மாதத்தில், அறிவிப்பாளராயிருந்த போலீஸ்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காகிதம் கொடுக்க வந்த மாலினேயோ மைக்கின் முன் அமர்த்தப்பட்டார். பெண் குரல் கேட்டதும் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்:

"என்னம்மா, சமையல் குறிப்பா?"

அவர் பதினொரு பெயர்களையும் பிசகின்றி வாசித்து முடித்தார், பிறகு அதே குரலில், "சமையல் முடிஞ்சுது. எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க" என்றார். அரங்கமே சிரித்தது. அன்றுமுதல் மைக் அவருடையதாயிற்று. பனியில் மைக் நனையாதிருக்கப் பழுப்புக் கம்பளி நூலில் ஓர் உறையும் பின்னிப் போட்டார்.

செமோங்கோங் ஊரைச் சேர்ந்த மேய்ப்பர் குடும்பத்தில் அவர் வாழ்க்கைப்பட்டிருந்தார். எங்களில் மணமான பெண் மாமனாரின் பெயரை உச்சரிப்பதில்லை. அதே பெயர் கொண்ட அந்நியரைக்கூட வேறுவிதமாகவே குறிப்பிடுவாள். மாமனாரோடு ஒரே இருக்கையில் அமர்வதில்லை. கைக்குக் கை எதையும் கொடுப்பதுமில்லை. அவருடைய மாமனாரின் பெயர் மொகேத்தி. பல ஆண்டுகள் இதனால் இடையூறு எதுவும் நேரவில்லை. பிறகு, மொகேத்தி ராலெபேசே என்ற நெடிய இளைஞர் தேசிய அணியின் கோல்கீப்பரானார்.

அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் மாலினேயோ காகிதத்தைப் பார்த்தார், தோள்சால்வையைச் சரிசெய்துகொண்டார், "ஒன்றாம் எண், நம் வாசலைக் காப்பவர்..." என்று சொல்லி நிறுத்தினார். கூட்டத்திலிருந்த பெண்களுக்கு முதலில் விளங்கியது. அவர்கள் சிரித்துக்கொண்டே "மொகேத்தி!" என்று கூவினார்கள். அடுத்த ஆட்டத்தில் அரங்கம் முழுவதும் கூவியது. மற்ற பத்துப் பெயர்களையும் அவர் வாசிப்பார். ஒன்றாம் எண்ணின் பெயரை மக்கள் சொல்வார்கள். அது எங்கள் அரங்கின் வழக்கமாகவே நிலைத்தது.

இச்செய்தி செமோங்கோங்குக்கு எட்டியதும், கிழவர் மொகேத்தி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பேருந்து பிடித்து வரலானார். கம்பளி போர்த்தி, புல் தொப்பியுடன் மேற்குப் பக்கத்தில் அமர்வார். தம் பெயர் முழங்கியதும் தொப்பியை எடுத்து நாற்புறமும் வணங்குவார். பாதி நாட்களில் இடைவேளைக்கு முன்பே ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்.

பிறகு, எங்கள் அரங்கம் சர்வதேசத் தரத்தில் தேறவில்லை என்று மூடப்பட்டது. 'சொந்த மண்' ஆட்டங்களை எல்லை தாண்டி அடுத்தவர் மண்ணில் ஆடினோம். அங்கே அறிவிப்பாளர் அவர்களுடையவர். அக்காலம் முழுவதும் மாலினேயோ அந்தக் கம்பளி உறையை வீட்டில் வைத்திருந்தார்; குளிர்காலம் வரும்போதெல்லாம் துவைத்துக் காயப்போட்டார்.

அரங்கம் புதுப்பிக்கப்பட்டு, தகுதிச் சுற்று ஆட்டமொன்று எங்களுக்கு வாய்த்தது. முந்தின நாள் மேற்பார்வைக்கு வந்தவர் ஆட்ட ஆணையர் பங்குரா. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரை நாட்டுக்காரர். இரண்டு கோட்டுகள் அணிந்தும் நடுங்கிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் மாலினேயோ ஒன்றாம் எண்ணில் நிறுத்தியதும், அவர் கையை உயர்த்தினார்.

"பேரு எங்கம்மா?"

"ஜனங்க சொல்லுவாங்க, ஐயா."

"ஜனங்க சொல்றது கணக்கில்ல. ஒவ்வொரு பேரும் முழுசா மைக்ல வரணும், அதுதான் விதி. உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, சங்கத்துல வேற ஆளப் போடச் சொல்றேன். நாளைக்கு ஒரு பேரு விட்டுப்போனாலும் இனிமே நீங்க இங்க உக்கார முடியாது."

அவர் பேச்சில் கடுமை இல்லை. விதியைச் சொன்னார், அவ்வளவே. அவர் போனபின் மாலினேயோ மைக்கின் உறையைக் கழற்றி, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு பேர நான் வாசிச்சிடறேன், அம்மா" என்றேன்.

"நீங்க ஒண்ணு வாசிச்சா, 'மீதி பத்தையும் நீங்களே வாசிங்க'ன்னு சங்கச் செயலாளர் சொல்லிடுவாரு. என்ன இங்கேருந்து எடுக்கணும்னு ரொம்ப நாளா அவருக்கு ஆசை."

மாலையில் பழைய மின்கம்பிச் சுருளை வாங்கிவர அவர் வீட்டுக்குச் சென்றேன். கிழவர் அன்றைய பேருந்திலேயே வந்து, முற்றத்தில் மக்காச்சோளக் களியும் கீரையும் உண்டுகொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மருமகள் வாயிற்படியருகே, எட்ட நின்றிருந்தார்.

"சொல்லிடு, மருமகளே. நான் காதப் பொத்திக்கறேன்" என்றார் கிழவர்.

"காது உங்களுது, மாமா. வாய் என்னுது. அத யாரு பொத்துறது?"

"அப்ப இந்த மின்சாரக்காரர் சொல்லட்டுமே."

"அவரு வேணாம்."

"அதுவும் சரிதான். இவரு கூப்பிட்டா ஆடுகூடத் திரும்பாது."

நான் கம்பிச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாலினேயோ சால்வை நுனியை விரலில் சுற்றினார். "மாமா, நீங்களே வந்து சொல்லுங்களேன். உங்களுக்கு எழுத்து தெரியாது. மீதிப் பேர யாரும் உங்ககிட்டத் தூக்கிக் குடுக்க முடியாது. பேரும் மைக்ல வந்துடும்."

கிழவர் உண்பதை நிறுத்தினார். போர்த்திய கம்பளியைத் தோளில் பிணைத்திருந்த ஊசியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். "சொல்றேன். ஆனா மருமகளே, என் பேர நானே சொல்லணும்னா... வெறும் பேரா சொல்லிப் பழக்கமில்லையே" என்றார்.

அந்த வாக்கியத்தை நாங்கள் இருவரும் போதிய கவனத்துடன் கேட்கவில்லை. எங்கள் ஆண்மக்கள் இளமையில், ஆண்மைச் சடங்கு நடக்கும் மலைப்பள்ளியிலிருந்து வெளிவரும்போது தம் புகழைத் தாமே பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். பெயர் தொடங்கினால் பாட்டும் தொடரும். இது எங்கள் இருவருக்கும் தெரியாததன்று. மைக்கின் கவலையில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அறிவிப்பு அறையில் மூவரானோம். மாமனாரும் மருமகளும் ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து அமரலாகாது. வேறு பெஞ்சு வைக்க இடமுமில்லை. ஆகவே நான் நடுவில் அமர்ந்தேன். அணிகள் வரிசையாக நின்றன. விருந்தினர் பெயர்களை அவர் வாசித்தார். பிறகு, "லெசோத்தோ. ஒன்றாம் எண், நம் வாசலைக் காப்பவர்..." என்று சொல்லி, மைக்கை என்னிடம் தந்தார். நான் கிழவரிடம் தந்தேன்.

"மொகேத்தி!" என்றார் கிழவர்.

வழக்கப்படி மக்களும் கூவினார்கள். எதிரொலி அடங்குவதற்குள் கிழவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மொகேத்தி நான், பனியை விரித்துப் படுத்தவன்,
இடி கேட்ட கன்றுகளை எண்ணாமலே அறிந்தவன்,
நரி வந்தது கிடைவாசலுக்கு. வாசலில் நான் நின்றேன்,
வந்த வழியே போ என்றேன், அது வாலைச் சுருட்டியது!"

"மழை! மழை!" என்று ஆர்ப்பரித்தது கூட்டம், எங்கள் நாட்டில் வாழ்த்து அதுதான். ஊக்கம் பெற்ற கிழவர் தம் குதிரையைப் பாடத் தொடங்கினார். மைதானத்தில் கோல்கீப்பர் நெஞ்சில் கைவைத்து, அத்தனையும் தமக்கே உரியதென்பதுபோல் நின்றிருந்தார். விருந்தினர் குளிரில் கால்மாற்றிக் குதித்தனர். நடுவர் எங்கள் அறையை நோக்கிக் கடிகாரத்தைக் காட்டினார். என் விரல் மின்விசையின் மேல் இருந்தது. நான் மாலினேயோவைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது. ஆயினும் வேண்டாம் என்று தலையசைத்தார். மாமனாரின் பாட்டைப் பாதியில் வெட்டுவது பெயரைச் சொல்வதைவிடப் பெரிய பிழை என்பதை அவர் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

குதிரை ஆற்றைக் கடந்து கரையேறியபின், கிழவர் மூச்சு வாங்கி, "...ராலெபேசே!" என்று முடித்துவிட்டு அமர்ந்தார். மைக் என் வழியாகத் திரும்பியது. மாலினேயோ இரண்டாம் எண்ணை வாசித்தார். குரலில் சிறிதும் நடுக்கமில்லை.

ஆட்டம் கோலின்றிச் சமனில் முடிந்தது. இறுதியில் ஒரு பெனால்ட்டியை ராலெபேசே தடுத்தார். ஆயினும் அறையில் எவரும் மகிழ்ச்சியாக இல்லை. படியேறி வரும் காலடிகளையே கேட்டிருந்தோம். பங்குரா வாயிலில் வந்து நின்றார்.

"ஆட்டம் தாமதமாயிடுச்சு."

"ஆமாங்க ஐயா" என்றார் மாலினேயோ. "பேரு முழுசா வந்துச்சு."

"முழுசுக்கும் மேலயே வந்துச்சு. யாரு இந்தப் பெரியவரு?"

"என் வீட்டுக்காரரோட அப்பா."

"பேரு?"

மாலினேயோ சால்வையைச் சரிசெய்துகொண்டார். பங்குரா பேனாவுடன் காத்திருந்தார். கிழவர்தான் பொறுமையிழந்தார்: "என்னய்யா, இந்த ஊரே கத்திச்சே, உங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

பங்குரா கிழவரைப் பார்த்தார். எட்ட முனையில் தலைகுனிந்திருந்த மருமகளைப் பார்த்தார். இருவருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு அமர்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"எங்கம்மாவும் சாகிறவரைக்கும் எங்க தாத்தா பேரச் சொன்னதில்ல" என்றார் மெதுவாக. "சரி. பேரு மைக்ல வந்துடுச்சு, விதி முடிஞ்சுது. அடுத்த ஆட்டத்துல குதிரைய மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

"சொல்லிப் பாக்கறேன், ஐயா. கேக்கிற ஆளில்ல."

"குதிரைய எப்படி விடறது? அதுதானே நல்ல இடம்?" என்றார் கிழவர்.

ஆணையர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். நான் விசைகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். மாலினேயோ கைப்பையைத் திறந்து, பழுப்புக் கம்பளி உறையை எடுத்து, மைக்கின்மேல் மாட்டி, கயிற்றை இறுக்கி முடிந்தார். பிறகு வெறும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாமனார் முன்னே செல்லக் காத்திருந்து, பின்னால் இறங்கிச் சென்றார்.