மடிக்குள் ஒரு மடி

புன்னக்காயல் லியோன் தூத்துக்குடியில் இருபது வருடமாக விசைப்படகு ஓட்டுகிறான். இறாலுக்கு வலை இழுத்தால் இறால் மட்டுமா வரும்? விரல் நீளக் குஞ்சுகள் அதைவிட அதிகமாக வரும். நல்லதைப் பொறுக்கியதும், செத்துப்போன குஞ்சுகளில் பாதியைக் கடலிலேயே தள்ளுவார்கள். மீதி ‘சங்காயம்’ என்று கூடைகளில் கரைக்கு வரும். அதை லியோனின் மனைவி பிலோமினாதான் மணலில் உலர்த்திக் கோழித்தீவனத்துக்குக் கொடுப்பாள். கூட இரண்டு பெண்களுக்கு அதில் வேலை இருந்தது.

லியோனின் தம்பி ரெக்சன், தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் ஃபைபர் படகில் போய்த் தூண்டில் போடுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவன் ஒரு வாளியோடு வந்து அண்ணன் வீட்டு வாசலில் கவிழ்த்தான். அத்தனையும் செத்த குஞ்சுகள்.

“உன் போட்டுக்குப் பின்னால மிதந்துச்சு. எல்லாம் விளமீன். ஒரு வருசம் விட்டிருந்தா என் தூண்டிலுக்கு வந்திருக்கும்ணே.”

“நான் மட்டுமா இழுக்கேன்?”

“என் அண்ணன் நீ மட்டுந்தானே.”

அதற்குப் பிறகு ரெக்சன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த வருடம்தான் விசைப்படகுக்காரர்களும் தூண்டில்காரர்களும் மீன் வாங்குகிற ஒரு கம்பெனியும் ஆராய்ச்சி மாணவர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். வலையின் வால்பக்கம் மீன் சேர்கிற பைக்கு மடி என்று பெயர். அதன் கண்ணியை, அதாவது வலைத்துளையை, பெரிதாக, சதுரமாக வைத்தால் இழுக்கும்போதே குஞ்சுகள் உயிரோடு வெளியேறிவிடும் என்றார்கள். சோதித்துப் பார்க்க ஆறு படகு கேட்டார்கள். லியோன் கை தூக்கினான். படகு முதலாளியை அவனே பேசிச் சம்மதிக்க வைத்தான்.

எட்டுக் கூடை சங்காயம் நாலாகக் குறைந்தது. ஆனால் இறாலும் குறைந்தது. படகில் ஆட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிலோமினா அந்த இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

“மீனு பிழைச்சுக்கிடுச்சு, சரி. எங்களுக்கு என்ன வழி சொல்லுதிய?” என்று கேட்டாள்.

கார்த்திகையில் காற்று மோசம். படகு போன நாட்களிலும் வலை காலியாக வந்தது. ஒருநாள் லியோன் யாரிடமும் சொல்லாமல் புது மடிக்குள் பழைய சின்னக்கண்ணி வலையை வைத்துத் தைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒன்பது நாள் அப்படியே ஓடியது.

பத்தாம் நாள் அனிஷா படகேறினாள். பாளையங்கோட்டைப் பெண், குழுவுக்காக மீனை அளந்து எழுதும் மாணவி. வலையைப் படகின் தளத்தில் கொட்டியதும் குஞ்சுக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மடிக்குள் கையை விட்டாள்.

“எழுதிக்கோங்க,” என்றான் லியோன்.

“எழுதத்தான் செய்வேண்ணே. ஏன் தச்சீங்கன்னு கூட்டத்துல நீங்களே சொல்லணும். அத என்னால எழுத முடியாது.”

மூன்று நாள் கழித்துக் குழு கூடியது. கூட்டத்தில் ரெக்சன் தூண்டில்காரர்களோடு முன்வரிசையில் இருந்தான். லியோன் எழுந்து, தைத்ததையும் இறால் குறைந்ததையும் மனைவி மீன் உலர்த்திய மணல் காலியாகக் கிடப்பதையும் சொன்னான். “தப்புதான். ஆனா இந்தக் கண்ணிய வச்சு எங்களால பிழைக்க முடியல,” என்று உட்கார்ந்தான்.

ரெக்சன் எழுந்தான். வையப் போகிறான் என்றே லியோன் நினைத்தான்.

“இவன் சொல்லிட்டான். மத்த அஞ்சு மடிக்குள்ளயும் கை விட்டுப் பாத்தீயளா வே?”

அதன்பின் இரண்டு டிரைவர்கள் தாங்களும் தைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். அன்றுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. இறால் தங்கும் அளவுக்குக் கண்ணியைக் கொஞ்சம் குறைத்தார்கள். குஞ்சு கூடுகிற இடங்களைத் தூண்டில்காரர்கள் தினமும் காலையில் போனில் சொல்ல, விசைப்படகுகள் அங்கே வலை விடுவதில்லை என்று முடிவாயிற்று. லியோனின் படகுக்குச் சொல்லும் பொறுப்பு ரெக்சனிடம் வந்தது.

இப்போது சங்காயம் மூன்று கூடைக்கு மேல் வருவதில்லை. இறால் ஓரளவு திரும்பிவிட்டது. ஒரு படகு குழுவை விட்டே போய்விட்டது. அது ஆற்றுமுகத்துக்கு அருகிலேயே இழுக்கிறது, கேட்பாரில்லை. பிலோமினா ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறி வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறாள். வெயிலில் முதுகு விட்டுப்போகிறது என்கிறாள். லியோன் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறான்.

ரெக்சன் தினமும் கூப்பிடுகிறான். “எட்டுப் பாகம் ஆழத்துல குஞ்சாக் கெடக்கு. அங்கன போவாத,” என்பான், வைத்துவிடுவான்.

போன வாரம் ஒருநாள் மட்டும் இடத்தைச் சொல்லியும் போனை வைக்கவில்லை.

“மைனிய ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸுல பாத்தேன். ரொம்ப மெலிஞ்சிட்டா.”

“ம்,” என்றான் லியோன்.

பிறகு ரெக்சன் போனை வைத்தான். லியோன், தம்பி சொன்ன இடத்தை விட்டு விலகி, படகைத் தெற்கே திருப்பினான்.