வலப்பக்க ஸ்டியரிங்

பெற்றோலும் பழைய தோலும் கலந்த மணம் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வசந்தம் வந்தால், சிசிலித் தீவின் இந்தப் பாலெர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்கின் முன்னால் பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு படம் எடுக்கிற கூட்டம் அந்த மணத்தை ஆழ இழுத்து "ஆகா" என்று சொக்கி நிற்கும். நான் எதிர்ப்பக்க நடைபாதையால் விறுவிறென்று போய்விடுவேன். அவை அழகில்லை என்று சொல்ல மாட்டேன். அழகாக இருப்பதுதான் எனக்குக் கோபம்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அம்மா மொண்டெல்லோக் கடற்கரைப் பகுதியில் ஓர் "அவொகாத்தோ" வீட்டில், அதாவது ஒரு வழக்கறிஞர் வீட்டில், சமையலும் துப்புரவும் செய்துவந்தாள். பள்ளி இல்லாத நாட்களில் என்னை விட இடமில்லாமல் கூடவே இழுத்துக்கொண்டு போவாள். அம்மாவின் பெயர் புஷ்பமலர். அந்த மனிதர் "மரியா" என்றுதான் கூப்பிட்டார். முன்பு வேலை செய்தவளும் மரியா, அதற்கு முந்தியவளும் மரியா, புதுப்பெயர் வந்தால் குழம்பிவிடுமாம். சட்டப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த வாய்க்குள் ஒரு புஷ்பமலர் நுழையவில்லை!

அவருடைய கராஜில் வெள்ளைத் துணி போர்த்தியபடி, கரும்பச்சை நிறத்தில், இரண்டே இருக்கையோடு, கூரையில்லாமல் ஓர் ஆங்கிலக் கார் நின்றது. வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் அதன் சரித்திரத்தை ஒப்புவிப்பார். உலகப் போர் முடிந்து நொடிந்துபோயிருந்த இங்கிலாந்து, குடும்பக் கார்களுக்குச் செய்த எஞ்சினையே எடுத்து, மேலே தாழ்வான ஒரு மெல்லிய உடம்பைப் பொருத்தி, கம்பிச் சக்கரம் மாட்டி, கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்பியதாம். வேகத்தை விட, நிலத்தோடு நிலமாக உட்கார்ந்து காற்றை முகத்தில் வாங்குவதில்தான் சுகமாம். மழை ஓயாத நாட்டுக்காரன் கூரையில்லாமல் கார் செய்த துணிச்சலை நினைத்து நினைத்து உருகுவார். அடியில் எண்ணெய் ஒழுகினால், அது அந்தக் காரின் "குணம்" என்று சிரிப்பார். எங்கள் வாடகை வீட்டுக் குழாய் ஒழுகியபோது அதை யாரும் குணம் என்று சொல்லவில்லை.

அந்தக் காரை நேரே இங்கிலாந்திலிருந்து எடுப்பித்ததால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. அவருக்கு அது கடைசிவரை கைக்கு வசப்படவில்லை. அம்மாவோ யாழ்ப்பாணத்தில் தன் தகப்பன் வாடகைக்கு விட்ட ஹயர் காரை, "கேம்பிரிட்ஜ்" என்ற பழைய ஆங்கிலக் குடும்பக் காரை, ஓடியவள். சண்டைக் காலத்தில் பெற்றோல் வராதபோது மண்ணெண்ணெயில் ஓடியவள். இந்தப் பாலெர்மோவில் அவள் கை பழகிய பக்கத்தில் ஸ்டியரிங் இருந்த கார் அது ஒன்றுதான். தூசி தட்டும் சாட்டில் அதில் கையை வைத்துக்கொண்டு சொல்லுவாள்: "எடி பிள்ளை, இதை ஒருக்கா ஓடிப் பாக்கவேணும். கடற்கரை றோட்டாலை ஒரு சுத்து. வேறை ஒண்டும் வேண்டாம்." தனக்கென்று அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

ஒரு ஞாயிறு காலை, பழைய கார்களின் ஊர்வலத்துக்குப் போகவேண்டிய நேரத்தில், கார் உயிர் பிடிக்க மறுத்துவிட்டது. வெள்ளை உடுப்பு வேர்த்து நனைய, மெக்கானிக்கைப் போனில் திட்டிக்கொண்டே மனிதர் மாடிக்குப் போனார். அம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு முன்மூடியைத் திறந்தாள்.

"இஞ்சை வந்து பார். எங்கடை கேம்பிரிட்ஜின்ரை எஞ்சின்தான். மேலைதான் சோடிச்சிருக்கிறாங்கள்."

மூக்குக்கு மருந்து விடும் வெறும் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்து, புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெற்றோலை அதில் எடுத்து, கார்புரேட்டரின் வாயில் நாலு சொட்டு விட்டாள். மண்ணெண்ணெய்க் காரை எழுப்புகிற யாழ்ப்பாணத்து வித்தை அது. "இப்ப திறப்பைத் திருப்பு பிள்ளை" என்றாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி இருந்து திருப்பினேன். கராஜே அதிர்ந்தது. புகை மூடவும், "தள்ளி இரு" என்று என்னை அடுத்த இருக்கைக்குத் தள்ளி ஏறி, செருப்பைக் கழற்றி எறிந்து, பின்னால் திரும்பிப் பார்த்தபடி ஒற்றைக் கையால் கேற்றுவரை பின்னுக்கு எடுத்தாள். இருபது யார் தூரம் இருக்கும். அப்படியொரு முகம் அம்மாவுக்கு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

அவர் ஓடி வந்தார். "பிராவா, மரியா!" என்றார். அம்மா இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஸ்டியரிங்கைச் சுற்றிவரத் துடைத்தார். கியர்க் குமிழைத் துடைத்தார். இருக்கையையும் துடைத்தார். அவசரமே இல்லை. பிறகு ஏறிப் போய்விட்டார். அடப்பாவி! அந்தக் கை பிசைந்த மாவைத்தானே தினமும் மத்தியானம் மூக்குமுட்டத் தின்றாய்? அன்று ஊர்வலத்தில் அவருக்கு ஒரு கிண்ணமும் பரிசாகக் கிடைத்தது, தன் கையாலேயே காரைப் பராமரிக்கிறவர் என்று. அதை மினுக்கியதும் அம்மாதான்.

அதற்குப் பிறகு ஆறேழு வருடம், கார் படுத்துக்கொண்ட போதெல்லாம் அம்மாதான் எழுப்பிக் கொடுத்தாள். ஒரு நாளாவது "ஏறு, ஒரு சுற்று ஓடிப் பார்" என்று அந்த மனிதர் சொல்லவில்லை. வாய்விட்டுக் கேளுங்கள் என்று நான் கத்துவேன். "அவரின்ரை கார், விடு" என்பாள் அம்மா. அந்த "விடு" எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

போன இலையுதிர் காலத்தில் நான் வியா மக்வேதா தெருவில் வேலை முடிந்து நடந்துகொண்டிருந்தபோது அவருடைய மகன் போன் எடுத்தான். தகப்பன் இறந்துவிட்டார், காரை விற்கிறோம், வாங்குகிறவர் வடக்கிலிருந்து வந்து நிற்கிறார், யார் கைக்கும் கார் எழும்புவதாயில்லை, மரியா வந்து எழுப்பி, கடற்கரைவரை ஒரு சுற்று ஓடிக் காட்ட முடியுமா என்று கேட்டான். இருபது வருடக் கோபம், தெருவே திரும்பிப் பார்க்க, சிசிலியத் தமிழச்சியின் வாயால் வெளியே வந்தது. அப்படியொரு மரியா இல்லை, வரவும் மாட்டாள் என்று சொல்லித் துண்டித்தேன். பெருமை பிடிபடாமல் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

உள்ளி உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஓடிக் காட்டச் சொன்னவனோ?"

"ஓம்."

"ஆரைக் கேட்டு மாட்டன் எண்டு சொன்னனீ?"

"அம்மா, அந்தாள் உங்கடை கை பட்ட இடத்தைத் துடைச்ச மனுசன்!"

"துடைச்சால் துடைக்கட்டுமன். அந்தாளோடை எனக்கென்ன கதை? எனக்கு ஆசை காரிலை."

உடனே திருப்பிப் போன் எடுத்தேன். லொறியில் ஏற்றி அனுப்பியாயிற்று என்றான் மகன்.

அந்தக் கார் இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ தெரியாது. மொண்டெல்லோ வீட்டையும் விற்றுவிட்டார்கள். கராஜ் இருந்த இடத்தில் உணவகத்துச் சமையலறை. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளச் மிதிக்க இனி ஏலாது என்கிறார் டொக்டர். அந்த மனிதர் எத்தனையோ தடவை கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அவர் மகன் கொடுக்க வந்த ஒரே தடவையும் அம்மாவிடம் ஒரு சொல் கேட்காமல் வேண்டாம் என்றவள் நான்.