தக்க காரணமின்றி

மனு எழுதுவதில் என்னை மிஞ்ச நீடாமங்கலம் வட்டாரத்தில் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரமாக மேசை போட்டு முப்பது வருஷமாக எழுதுகிறேன். பட்டா மாறுதல், வாய்க்கால் தகராறு, வாரிசுச் சான்று, ஜமாபந்தி மனு, எதுவானாலும் என்னிடம் வருவார்கள். தமிழிலும் எழுதுவேன், இங்கிலீஷிலும் எழுதுவேன். என் மனுவுக்குத் தனி இலக்கணம் உண்டு. முதல் பத்தியில் கும்பிட வேண்டும். இரண்டாவது பத்தியில் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்பதை மூன்றாவதில்தான் கேட்க வேண்டும். தப்பே செய்யாதவனுக்கும் என் மனுவில் இரண்டாவது பத்தி உண்டு. அங்கேதான் அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அப்பா பண்ணையாளாக இருந்தவர். மாடு வரப்பைத் தாண்டி மேய்ந்துவிட்டது என்று பண்ணையார் கூப்பிட்டு விட்டால், கயிறு அறுந்த கதையைச் சொன்னவனுக்கு அடி. "தப்புதாங்க" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவனுக்கு அன்றைய கூலி. எங்கள் வீட்டில் காரணம் சொல்வது என்றால் எதிர்த்துப் பேசுவது என்றுதான் அர்த்தம். நான் படித்து, பேனா பிடித்து, பெயருக்கு முன்னால் 'திரு' போட்டுக் கூப்பிடும் நிலைக்கு வந்த பிறகும் அந்த அர்த்தத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

என் தங்கையின் கணவர் ராணுவத்தில், சிப்பாய்க்குச் சற்று மேலான நாயக் பதவியில் இருந்தார். பதினைந்து வருஷம் முடித்தால் பென்ஷனோடு ஊருக்கு வந்துவிடலாம். பதினொரு மாதம்தான் பாக்கி. அந்தச் சமயத்தில் லீவில் வந்தார். என் தங்கைக்குத் தஞ்சாவூர் மெடிக்கலில் கர்ப்பப்பை ஆபரேஷன். லீவு முடிவதற்குள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. மறுபடியும் பிரித்தார்கள், மறுபடியும் தைத்தார்கள். பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. மாப்பிள்ளை எங்கே கிளம்புவார்? தனக்கு மேலே இருந்த சுபேதாருக்கு இரண்டு முறை போன் செய்தார். "சரி, வரும்போது ஆஸ்பத்திரி பேப்பரை எல்லாம் எடுத்துக்கொண்டு வா" என்று அந்த மனுஷர் இந்தியில் சொன்னாராம். வாய் வார்த்தைதான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

லீவு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு பைக்கில் வந்து, ராணுவத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆளைப் பிடித்து ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஏட்டு நல்ல மனிதர். நீங்களாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை நேராக என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், ஒரு லெட்டர் எழுதணும். நான் போறதுக்கு முன்னாடி அது போய்ச் சேந்துட்டா நல்லது."

"ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் வச்சிருக்கீங்கள்ல?"

"இருக்கு மச்சான். ஒரு பை நிறைய இருக்கு. அதையும் சேத்து அனுப்பிடலாமா?"

"இப்ப வேணாம் மாப்பிள்ளை. முதல்லயே காரணத்தை அடுக்கினா அவங்களுக்குக் கோவம் வரும். முதல்ல மன்னிப்பு. அவங்க மனசு இறங்கட்டும், அப்புறம் சீட்டைக் காட்டுங்க."

நான் சொன்ன வார்த்தைகள் இவைதான். ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு என் இங்கிலீஷ் எனக்கே தித்தித்தது. கம்ப்யூட்டரில் அடிக்கும் பெண்ணிடம் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். என் இலக்கணப்படி இரண்டாவது பத்தியில், தக்க காரணம் ஏதுமின்றி லீவு கடந்தும் தங்கிவிட்டேன், இது என் அலட்சியமே அன்றி வேறில்லை, தாங்கள் பெற்ற தந்தையைப் போல் பொறுத்தருள வேண்டும் என்று வந்தது. 'தக்க காரணம் ஏதுமின்றி' என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வாசகம் உண்டு. எங்கேயோ அரசாங்கக் காகிதத்தில் பார்த்துப் பிடித்துப்போய் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை அப்படியே போட்டேன். மாப்பிள்ளை படித்துப் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். "நீங்க எழுதினா சரியா இருக்கும் மச்சான்" என்று கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம்.

நாலு நாள் கழித்து அவர் ரயில் ஏறினார். போய்ச் சேர்ந்ததும் விசாரணை என்று போன் வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை லீவு முடிந்து தாமதமாகப் போனது ராணுவப் பதிவேட்டில் இருந்ததாம், அதில் ஒரு முறை புயலில் ரயில் ஓடாமல் போனது. இந்த முறை சும்மா விட மாட்டார்கள், கமாண்டிங் ஆபீசரே நீதிபதியாக உட்கார்ந்து விசாரிப்பார் என்றார். வேலையே போகலாம், போனால் பென்ஷனும் போகும்.

என் தங்கை அப்போதுதான் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரி வீட்டிலும் ஒரு பட்டாளத்துக்காரர் உண்டாம். அவர்கள் மெட்ராஸில் ஒரு வக்கீலின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ராணுவத்துச் சட்டப் பிரிவிலேயே அதிகாரியாக இருந்து, வெளியே வந்து வக்கீல் தொழில் செய்கிற அம்மா.

"அண்ணே, அவங்களைப் பாத்துடலாம்ணே."

"பட்டாளத்துக்குள்ள வெளி வக்கீலைக் கூட்டிட்டுப் போனா, வம்புக்கு வந்தான்னு நினைப்பாங்க. இருக்குற கோவம் ரெண்டு மடங்காயிடும்."

"அவங்களே பட்டாளத்துல இருந்தவங்கதாண்ணே."

"நான் எழுதாத மனுவா?"

இதைச் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கோபம். முப்பது வருஷமாக எழுதுகிறவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க, முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளையைத் தேடி மெட்ராஸ் போக வேண்டுமா என்ற கோபம். வேண்டாம் வேண்டாம் என்று மூன்று வாரத்தைக் கடத்தினேன். பிறகு என் மனைவியே, "உங்க கௌரவத்தைக் கொஞ்சம் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போய்ட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் எடுத்தேன்.

வக்கீலம்மா ஐம்பது வயதுக்காரர். ஹைகோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில், சின்ன ஆபீஸ். என் தங்கையைப் பார்த்ததும் எழுந்து வந்து, படி ஏறினது வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு மின்விசிறியின் கீழ் உட்கார வைத்தார். அதன் பிறகுதான் வழக்கு. நிதானமாகச் சொன்னார்:

"இந்த மாதிரி விசாரணையில வக்கீல் எழுந்து பேச முடியாதுங்க. அவர் பக்கத்துல நான் உக்காரலாம். என்ன கேக்கணும், என்ன சொல்லணும்னு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுக்கலாம். அவ்வளவுதான். ஆனா அதுவே போதும். குற்றச்சாட்டு என்னன்னா, தக்க காரணம் இல்லாம லீவு தாண்டி இருந்தார்னு. காரணம் இருந்துச்சுன்னு காட்டிட்டா கேஸோட முதுகெலும்பே போச்சு. ஆஸ்பத்திரிப் பேப்பர் இருக்கு. சுபேதாருக்குப் பேசின போன் விவரம் எடுக்கலாம். இது ஜெயிக்கக்கூடிய கேஸ்."

தக்க காரணம் ஏதுமின்றி. நான் எங்கிருந்தோ பொறுக்கி மனப்பாடம் செய்த அந்த அழகான வாசகம், சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு வைத்திருக்கும் பெயர்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அவர் கையெழுத்துப் போட்டு ஏதாவது அனுப்பியிருக்காரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில பேர் பயந்துக்கிட்டு ஊர்ல யாராவது அரைகுறைகிட்ட எழுதி வாங்கி அனுப்பிடறாங்க. இருந்தா இப்பவே சொல்லுங்க. இப்ப தெரிஞ்சா சரி பண்ணிடலாம்."

அரைகுறை என்ற சொல் காதில் விழாமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். நான் என் தங்கையைப் பார்க்காமல், "இல்லைங்க" என்றேன்.

தங்கை மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். எழுதின சமயம் அவள் படுக்கையில் கிடந்தவள்.

ஊருக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அனுப்பிய கடிதம் தொலைந்து போயிருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு காகிதக் கட்டுக்குள் கிடந்து செல்லரிக்கும். நம் ஊர் அலுவலகங்களில் நான் எழுதிய மனுக்களில் பாதி அப்படித்தான் போனது. ஒரே மனுவை நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பட்டாளத்தில் எதுவும் தொலைவதில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் வக்கீலம்மா அங்கே போய்ச் சேர்ந்து, கடைசியாகக் கைக்கு வந்த காகிதக் கட்டைப் பிரித்திருக்கிறார். அதுவரை மாப்பிள்ளையை அவர் நேரில் பார்க்க முடியவில்லை; கடிதத்தைப் பற்றி நான் சொல்லியிருப்பேன் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தாராம். மதியம் எனக்குப் போன் வந்தது.

"இந்த லெட்டர் நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, இது அவர் வார்த்தை இல்லை, அவருக்கு முழுசா புரியவும் இல்லைன்னு விசாரணைக்கு முன்னாடி சாட்சி எடுக்கறப்பவே பதிய வச்சிருப்பேன். உங்களையே வரவழைச்சிருப்பேன். நாளைக்குக் காலையில விசாரணை. பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

விசாரணை பாதி நாளில் முடிந்தது. போன் வந்தது பதிவில் இருந்தாலும், என்ன பேசினோம் என்பது நினைவில்லை என்று சுபேதார் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் பேப்பரைக் கொடுத்தபோது, காரணம் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாயே, இது பிற்பாடு தயாரித்ததா என்று கேட்டார்களாம். கடிதத்தைக் காட்டி உன் கையெழுத்தா என்று கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை ஆமாம் என்றிருக்கிறார். என் பெயரை அவர் சொல்லவில்லை. வக்கீலம்மா சீட்டில் எழுதி நீட்டியும் சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடுத்தது என் வாய், கெட்டவர் அவர். டிஸ்மிஸ். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

இப்போது மாப்பிள்ளை மன்னார்குடி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். என்னைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க மச்சான்" என்பார். எப்போதாவது ஒரு நாள் வாங்க என்று சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

மெட்ராஸில் ராணுவத்துக்கென்று இருக்கும் தீர்ப்பாயத்தில் வக்கீலம்மா மேல்முறையீடு போட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று நான் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார். நானே எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாங்க, நான் அனுப்பறேன்" என்றார். அவர் அனுப்பியது ஒரு பக்கம்கூட இல்லை. கும்பிடு இல்லை, பொறுத்தருளல் இல்லை. யார், எப்போது, என்ன செய்தார் என்று மட்டும் இருந்தது. அதில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட வந்த தங்கையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்த கேட்டில் மாட்டினால் அரை மணி நேரம் நிச்சயம். என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டி அனுப்புவதற்குள் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். வண்டியை அணைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் பேசினாள்.

"அண்ணே, அன்னிக்கு மேடம் கேட்டப்ப நீ இல்லைன்னியே. எனக்குத் தெரியும்."

நான் திரும்பவில்லை. "என்ன தெரியும்?"

"லெட்டர் எழுதினது. அவரு தபாலாபீஸ் போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து காட்டினாரு. மச்சான் எப்படி எழுதியிருக்காரு பாருன்னு சந்தோஷமா காட்டினாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா லெட்டர் போனது தெரியும்."

"அப்ப நீ ஏன்டி சொல்லலை?"

"நீ இல்லைன்னுட்டே. வெளி மனுஷி முன்னாடி, என் அண்ணன் பொய் சொல்லுதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ஜின் தனியாகப் போயிற்று. அது போனதும் மறுபடி சொன்னாள்.

"மேடம்கிட்ட லெட்டரை மறைச்சது நீதான்னு அவருக்குத் தெரியும். கேஸு தோத்ததுக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா மேடம் ரூம்ல நானும் தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு அவருக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சு, உனக்குப் புருஷன் பெருசா அண்ணன் பெருசான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அன்னிக்கு நான் அண்ணன்னுதானே நின்னேன்."

என் பொய்க்கு விலை அவள் கணவரின் பென்ஷன் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லால் அவளையும் அவள் வீட்டுக்குள்ளேயே குற்றவாளியாக்கி வைத்திருக்கிறேன்.

கேட் உயர்ந்தது. பின்னாலிருந்த மணல் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "எடுண்ணே" என்றாள். வண்டியைக் கிளப்பினேன். தண்டவாளத்தில் வண்டி குலுங்கியபோது, தையல் போட்ட இடம் இன்னும் வலிக்குமோ என்னவோ, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசிலிருந்து எப்படிப் பிடிப்பாளோ அப்படியேதான் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.