முப்பத்தொன்றாம் எண்ணுக்காக ஓடியவன்

2021–22: பயிற்சி 132 நாள். மெர்வின் வந்தது 49. குப்புராஜ் வந்தது 132.
கோல்: மெர்வின் 17, குப்புராஜ் 0.

2022–23: பயிற்சி 146 நாள். மெர்வின் 41. குப்புராஜ் 146.
கோல்: மெர்வின் 21, குப்புராஜ் 1.

2023–24: பயிற்சி 151 நாள். மெர்வின் 38. குப்புராஜ் 150.
கோல்: மெர்வின் 24, குப்புராஜ் 0.

ஏரிக்கரை யுனைடெட் என்ற கால்பந்து அணியின் மூன்று ஆண்டு வரலாறு இவ்வளவுதான். குப்புராஜ் தவறவிட்ட அந்த ஒரு நாள், திருமுடிவாக்கம் பட்டறையில் இரும்புத் தகடு நழுவி அவன் கால்விரலில் விழுந்த நாள்.

மாடம்பாக்கத்தில் அக்கா பேபியின் வீட்டு மாடி அறையில் அவன் இருந்தான். காலை ஐந்தே முக்காலுக்கு மைதானம், ஒன்பதுக்குப் பட்டறை. வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். பந்து அவன் காலில் பட்டால் சுவரில் பட்டதுபோலத் திரும்பி ஓடும். ஆனால் எதிராளி தொண்ணூறு நிமிடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே குப்புராஜ் இரைக்க இரைக்க நின்றுகொண்டிருப்பான்.

மெர்வினுக்கு இடது கால் இருந்தது. வேறொன்றும் இருந்ததாகச் சொல்ல முடியாது. எல்லாரும் ஓடி முடித்து வியர்வை துடைக்கும்போது பைக்கில் வந்து இறங்குவான். ஒருநாள் தலைவலி, ஒருநாள் மூட் இல்லை, ஒருநாள் ‘காத்து சரியில்ல.’ சேலையூர் டீக்கடையில் இதற்கெல்லாம் விளக்கவுரை எழுத ஆள் இருந்தது. “அவன் ஆர்ட்டிஸ்ட்டுப்பா, அப்டித்தான் இருப்பான்” என்பார்கள். ஓவியன் சுவருக்கு வெள்ளையடிக்க வராவிட்டால் குற்றமில்லை. படம் வரையவும் வராதவனை என்னவென்று சொல்வது? அணியின் மேலாளர் ஜெபகுமாருக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

2024 மே 11, சனிக்கிழமை. சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் நகரத்துக் கிளப் ஒன்று சிறுசேரிப் பக்கத்து மைதானத்தில் ஆள் எடுத்தது. வயது வரம்பு இருபத்தைந்து. குப்புராஜுக்கு இருபத்துநான்கு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இது போனால் ஆயுள் முழுக்கப் பட்டறைதான்.

முதல் நாள் பந்தே கிடையாது. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ஒலிபெருக்கி ‘பீப்’ என்னும்போது ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டைத் தொட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் வேகம் கூடும். பன்னிரண்டாம் கட்டத்தை எட்டியவன்தான் மறுநாள் பந்தைத் தொடலாம். மெர்வின் 31-ஆம் எண், இரண்டாவது குழு. குப்புராஜ் 64, நான்காவது குழு. விண்ணப்பத்தில் புகைப்படம் இருந்தது. அது கோப்புக்குள் இருந்தது. கோட்டருகே நின்றவர்கள் பார்த்தது பனியன் மேலிருந்த எண்ணை மட்டும்.

ஜெபகுமார் குப்புராஜைக் கழிப்பறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“டேய் குப்பு, மெர்வினு எட்டாவது லெவல்லயே படுத்துருவான். பந்து கால்ல படறதுக்கு முன்னாடியே வூட்டுக்கு அனுப்பிருவானுங்க. அவன் நம்பர போட்டுகினு நீ ஓடிடு.”

“அண்ணா, நானும் ஓடணுமேண்ணா.”

“உனக்கு இன்னாடா! நீ இன்னா மனுசனா? டீசல் இன்ஜின். ரெண்டு ட்ரிப் அடிச்சா தேஞ்சா பூடுவ?”

பின்னாலேயே வந்த மெர்வின் காதிலிருந்த இயர்போனை ஒரு பக்கம் மட்டும் கழற்றினான். “மச்சான், இன்னிக்கு நீ ஓடு, நாளைக்கு நான் ஆடறேன். பேஜார் பண்ணாத.”

முடியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? குப்புராஜ் சொல்லவில்லை. நட்பு, அணியின் மானம் என்றெல்லாம் பின்னால் காரணம் சொன்னான். உண்மை வேறு. டீசல் இன்ஜின் என்ற சொல் அவனுக்கு இனித்தது. திறமைக்கு மட்டும்தான் தலைக்கனம் உண்டு என்று யார் சொன்னது? தன் கால்களுக்குச் சோர்வே வராது என்று அவனும் நம்பியிருந்தான்.

7.20-க்கு 31-ஆம் எண்ணை மாட்டிக்கொண்டு ஓடினான். பன்னிரண்டாம் கட்டம் வந்தது. வேலை முடிந்தது, அங்கே நின்றிருக்க வேண்டும்.

“போதும்டா, நில்லு! நில்லுடா டேய்!” என்று வேலிக்கு வெளியிலிருந்து மெர்வினே கத்தினான்.

விசில் கேட்காமல் குப்புராஜ் வாழ்நாளில் நின்றதில்லை. பயிற்சியில் ஐந்து சுற்று என்றால் ஆறு ஓடிப் பழகிய உடம்பு அது. பதின்மூன்றாம் கட்டத்தில் ஆறாவது ஓட்டம் வரை போய்த்தான் விழுந்தான். 13.6. அன்று வந்த எண்பது பேரில் அதுதான் முதலிடம். கைதட்டலெல்லாம் 31-ஆம் எண்ணுக்கு.

8.05-க்குத் தன் எண்ணோடு கோட்டில் நின்றபோது தொடை இரண்டும் ஊறவைத்த மரக்கட்டைபோல் இருந்தன. 11.9. இன்னும் இரண்டு கோடு, நாற்பது மீட்டர் தொட்டிருந்தால் பன்னிரண்டு. பட்டியலில் 64-ஆம் எண்ணை அடித்துவிட்டார்கள்.

மறுநாள் மெர்வின் இருபத்தைந்து கஜத்திலிருந்து ஒரு கோல் போட்டான். அழகான கோல், இல்லையென்று சொன்னால் பொய். அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

“ரெண்டு தடவ ஓடுனியே, ரெண்டு மெடலாடா குடுத்தானுங்க?” என்று கேட்டாள் பேபி. “நாலு காலு இருக்கிற மாடுகூட இன்னொரு மாட்டுக்குச் சேத்து ஓடாது.”

கிளப்பில் ஜூன் 10 திங்கட்கிழமை மறுபடி அதே ஓட்டம். மெர்வின் 8.2-இல் உட்கார்ந்துவிட்டான். பிசியோதெரபிஸ்ட் ஹில்டா பதறிப்போய் இசிஜி, ரத்தம், நுரையீரல் எல்லாவற்றையும் பார்க்க வைத்தார். ஒரு குறையும் இல்லை. சோம்பலை ரத்தத்தில் அளக்கும் சோதனை இன்னும் வரவில்லை.

“ஹார்ட் புதுசு மாதிரி இருக்கு, மெர்வின். யூஸே பண்ணல போல. மே மாசம் 13.6 எப்படி ஓடினீங்க?”

“அது நான் இல்ல மேடம். நம்ம பையன் ஒருத்தன், குப்புன்னு.”

குடையை மறந்து வைத்துவிட்டேன் என்பதுபோல் சொன்னானாம். குப்புராஜ் பன்னிரண்டோடு நின்றிருந்தால் ஒருவேளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலிடம் பிடித்தவன் எட்டில் படுத்தால் கேட்காமல் என்ன செய்வார்கள்?

ஜூன் 24 அன்று இருவருக்கும் கிளப்பிலிருந்து கடிதம். ஆள்மாறாட்டம், இரண்டு ஆண்டுத் தடை. நியாயம்தான், இருவரும்தான் ஏமாற்றினார்கள். ஆனால் பதினைந்தே நாளில், ஜூலை 9 அன்று, மெர்வினுக்குத் தடை ‘கடும் எச்சரிக்கை’யாகச் சுருங்கியது. சீசன் தொடங்க வேண்டும், கிளப்பில் வேறு இடது கால் இல்லை.

அதை மெர்வினே பைக்கில் வந்து சொன்னான். “மச்சான், உன்னியப் பத்தி ஹில்டா மேடம் கோச்சாண்ட கேட்டாங்கடா. முக்கா மணி நேரத்துல ரெண்டு தடவ ஓடுனவன் யாரு, கூப்பிட்டுப் பாக்கலாமேன்னு. ‘ஓடறவன் எங்க வேணா கெடைப்பான்’னுட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

குப்புராஜின் காதில் விழுந்தது ஹில்டா கேட்டார் என்பது மட்டும். மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், கோடு போட்ட தாளில் கிளப்புக்கு எழுதினான். செய்தது தப்பு. 13.6, 11.9 இரண்டும் என் ஓட்டம். அக்டோபரில் இருபத்தைந்து முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு முறை, என் எண்ணில் மட்டும், ஓட விடுங்கள். ஜூலை 11 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினான். பதில் வரும்வரை காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் தனியாகக் கோடு போட்டு ஓடினான். ஒருநாள் 13.9 வரை போனான். பார்க்க ஆளில்லை.

பதில் நான்கு வரி. 64-ஆம் எண் தகுதி பெறவில்லை. 31-ஆம் எண்ணின் ஓட்டம் ரத்து செய்யப்பட்டது. தடை நீடிக்கிறது. இது பற்றி இனிக் கடிதம் எழுத வேண்டாம். மாடம்பாக்கம் வீட்டில் பேபி கையெழுத்துப் போட்டு வாங்கிய நாள்: 2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை.