வேப்பம்பூ போட்ட பீர்

சென்ற வாரம் ஒரு பட்டா விஷயமாக நிலம் பார்க்கப் பரளச்சிப் பக்கம் போயிருந்தேன். ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அரைமணி கழித்துத் திரும்பி வந்தால் சீட்டெல்லாம் பூ. தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தேன். வேப்பம்பூ வாசனைக்கு எல்லோருக்கும் ரசம் ஞாபகம் வரும். எனக்குப் போலீஸ் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் வீட்டுக்காரர் சாமுவேல் பெங்களூரில், தாங்களே பீர் காய்ச்சி விற்கும் ஒரு ஹோட்டலில் காய்ச்சுகிறவராக இருந்தார். பெண் பார்க்க வந்தபோது ‘உணவு பதப்படுத்துற வேலை’ என்று சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் பொய்யும் இல்லை. ஊரடங்கில் ஹோட்டலை மூடினார்கள். இரண்டு பைகளோடு பாளையம்பட்டியில் இருந்த மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மாமா ஓய்வு பெற்ற தபால்காரர். அருப்புக்கோட்டையைச் சுற்றி அவர் சைக்கிள் போகாத தெரு கிடையாது. சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர். சொந்தத் தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவர். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், “பெங்களூர்ல இருக்கான்” என்பார். ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொள்வார்.

வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடுவார், படுப்பார், மின்விசிறியைப் பார்ப்பார். மூன்று வாரம் அப்படியே. எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் விடுவார், பேச மாட்டார்.

ஒருநாள் காலையில் அத்தை மொட்டைமாடியில் பழைய சேலை விரித்து வேப்பம்பூ காயப்போட்டிருந்தார்கள். துணி எடுக்கப் போன இவர் குத்தவைத்து உட்கார்ந்து, பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இங்க வந்து மோந்து பாரு. மேல தேன் வாசம், அடியில கசப்பு. ஹாப்ஸுக்குப் பதிலா இதப் போட்டா என்ன?”

பீருக்குக் கசப்புக் கொடுக்கிற ஏதோ குளிர்தேசத்துப் பூவாம் அந்த ஹாப்ஸ். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது என்பது மட்டும் புரிந்தது. “போட்டுப் பாருங்களேன்” என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் அரசுத் தேர்வில் தேறி, கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, நன்னடத்தை பற்றிய போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. வீட்டிலே பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றமா என்று போனில் தேடிப் பார்த்தேன். குற்றம்தான். தேடியது போலீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று அதையும் அழித்தேன். அழித்தது தெரிந்துவிடுமோ என்று அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

அவரோ ஆளே மாறிவிட்டார். கோதுமையை ஊறவைத்து ஈரத்துணியில் முளைகட்டினார். கூடவே கொஞ்சம் கேழ்வரகு. முளைவிட்டதை மாடியில் காயவைத்துக் காக்கைகளோடு மல்லுக்கட்டினார். எங்கள் ஊர் வெயிலைப் பாராட்டி ஒரு ஆள் பேசிக் கேட்டது அந்த ஒரு முறைதான். மாவுமில்லில் ரவையை விடப் பெரிசாக உடைத்துத் தரச் சொன்னபோது, “மாட்டுக்கா?” என்று மில்காரர் கேட்டாராம். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். அப்புறம் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல், வேட்டித் துணியில் வடிகட்டல், கொதி. கொதியில் இரண்டு கை வேப்பம்பூ. இறக்கும்போது தட்டிய மல்லி, காயவைத்த ஆரஞ்சுத் தோல், இரண்டு ஏலக்காய். அடுப்படி முழுக்க வேறு எங்கோ இருக்கிற ஒரு வீட்டின் வாசனை.

“என்னடா, கஷாயமா?” என்று அத்தை கேட்டார்கள்.

“அந்த மாதிரிதாம்மா.”

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

ஆறியதும் தண்ணீர்க் கேனில் ஊற்றி, பெங்களூரிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த ஈஸ்ட்டைத் தூவி மூடினார். மூடியில் ஓட்டை போட்டு ஒரு டியூப். டியூபின் மறுமுனை தண்ணீர் டம்ளருக்குள். எங்கள் படுக்கையறை மூலையில் ஈரச்சாக்கைச் சுற்றி வைத்தார். மறுநாள் முதல் ‘பொளக்… பொளக்…’ என்று ஆரம்பித்தது. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கேனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், சாக்கை நனைப்பார், என்னைக் கூப்பிட்டு, “கிராம்பு தெரியுதா? வாழைப்பழம் தெரியுதா?” என்பார். அந்த ஈஸ்ட் புளிக்கும்போது வருகிற வாசனையாம். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. கேனைப் பார்த்தால் எழுந்து போய் வாசற்கதவைத் தாழ் போடுவேன். அந்த நாட்களில் பேப்பரைத் திறந்தால் எங்காவது சாராய ஊறல் அழிப்பு, பேரல்களுக்குப் பக்கத்தில் நிற்கிற போலீஸ் படம். அந்தப் படத்தில் எங்கள் கேனையும் பக்கத்தில் மாமனாரையும் நானே வரைந்து பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள், காலை பதினோரு மணிக்கு வந்தார் போலீஸ்காரர். தடுப்பூசியெல்லாம் வராத காலம். மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டிருந்தார். மாமா முன்னறையில் நாற்காலி போட்டார். ஸ்டேஷனுக்கும் தபால் கொடுத்தவர் என்பதால் மரியாதைக்குக் குறைவில்லை. என் பெயர், படிப்பு, வழக்கு ஏதாவது உண்டா என்றெல்லாம் எழுதிக்கொண்டார். படுக்கையறைக் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ‘பொளக்’.

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

“என்னங்கய்யா, வீட்டுக்குள்ள வாழப்பழம் புளிச்சாப்புல ஒரு வாசம் வருது?”

மாமா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பார்க்காததில்தான் தெரிந்தது.

“எம்மவன் கோதுமையும் வேப்பம்பூவும் ஊறப் போட்ருக்கான்” என்றார். உண்மை.

“சுகருக்கா?”

மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அத்தையும் கேட்டதில்லை.

“ஆமா.”

“எங்க அம்மாவுக்கும் நானூறுக்கு மேல இருக்குங்கய்யா. பக்குவம் கேட்டுச் சொல்லுங்க. வாரேன்” என்று போலீஸ்காரர் எழுந்து போனார்.

மத்தியானம் மாமா சாப்பிட வரவில்லை. அத்தை கூப்பிட்டும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் மகனைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “அந்தப் புள்ளைக்கி வேல வார வரைக்கும் பொறுக்கக் கூடாதாடா?” என்றார். குரலே எழும்பவில்லை. கொட்டச் சொல்லவில்லை.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘இன்னும் ஒரு வாரந்தானே மாமா, வச்சுக்குவோம்’ என்று நான் சொல்லியிருக்கலாம். மூடி வைத்த கேன் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? போலீஸ் ஒரே விசாரணைக்கு இரண்டு தடவை வருவதில்லை என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

“கொட்டிருங்க” என்றேன்.

கேனைத் தனியாகவே தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் பின்னால் போனேன். சாய்ப்பதற்கு முன் ஒரு டம்ளரில் கொஞ்சம் பிடித்து என் பக்கம் நீட்டினார். கலங்கலாக, மஞ்சளாக இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவரே ஒரு வாய் குடித்தார். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

“நல்லாத்தான் வருது. கசப்புதான் ஒரு பிடி கூடிருச்சு. அடுத்த தடவ பூவக் கொறச்சுப் போடணும்.”

அடுத்த தடவை வரவில்லை. ஆர்டர் எனக்கு ஆறு மாதம் கழித்து வந்தது. இப்போது கள்ளச்சாராய ஒழிப்புக் கூட்டங்களில் உறுதிமொழியை நான்தான் வாசிக்கிறேன். ஜனங்கள் திருப்பிச் சொல்கிறார்கள். இவர் டவுனில் ஒரு எண்ணெய்க் கடையில் சேர்ந்தார். பெங்களூருக்குத் திரும்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த வருடக் கொரோனாக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாமா, அத்தை, நான், எல்லோரும் எழுந்துவிட்டோம். இவரும் எழுந்தார், மூக்கு மட்டும் எழவில்லை. மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். அப்புறம் ஆறு மாதம் என்றார். அப்புறம் நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். சமையல் செய்தால் எரிவாயு கசிகிறதோ என்று மூன்று முறை திருகிப் பார்ப்பார். குளித்துவிட்டு வந்து சட்டையை என்னிடம் நீட்டி, போடலாமா என்பார்.

போன மாதம் பெங்களூரிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி போன் செய்தார். புதிதாக ஓர் இடம் திறக்கிறார்களாம், நீதான் வர வேண்டும் என்றார். இவர் சிரித்துக்கொண்டே, “ஏலே, எனக்கு மூக்கே இல்லலே” என்று சொல்லி, இன்னும் என்னவோ பேசிச் சிரித்து, வைத்துவிட்டார். பிறகு அடுப்படிக்கு வந்தார். ஃபிரிட்ஜிலிருந்து பால் பாத்திரத்தை எடுத்துத் திறந்து, என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

“கெட்டுப்போச்சான்னு பாரு.”

கெடவில்லை. நல்ல பால்தான். சொன்னேன். அவர் நம்பி அடுப்பில் வைத்தார்.