ஆணியில் தொங்கிய டோக்கன்

'கீழே யாரும் இல்லை' என்று என் கம்ப்யூட்டர் சொன்னபோது என் புருஷன் கீழேதான் இருந்தார். 

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. அவர் ஷாஃப்ட் என்ற ஆழக் குழியில் இறங்கி வேலை செய்தார். நான் மேலே விளக்கு அறையில் இருந்தேன். இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு விளக்கு வாங்குவார். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை எடுத்துக்கொள்வார். ஆணியில் டோக்கன் இருந்தால் ஆள் கீழே இருக்கிறார். எல்லாரும் ஏறிய பிறகுதான் பாறைக்கு வெடி வைப்பார்கள்.

இதையே கம்ப்யூட்டரில் செய்துபார்க்க, பைத்தானில் இரண்டு புரோகிராம் எழுதினேன். விளக்கு கொடுக்கும் ஜன்னலில் ஒன்று, திரும்ப வாங்கும் ஜன்னலில் ஒன்று. முதலாவது, தினமும் காலையில் இறங்கியவர்களின் பட்டியலை மூட்டை கட்டி ஒயர் வழியாக இரண்டாவதற்கு அனுப்பும். அதன் பிறகு இரண்டும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கின்றன என்று நம்பினேன். சில நாள் கணக்கு சரியாகவே வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று என் புருஷன் சாப்பாட்டு டப்பாவை மறந்து, வீட்டுக்கு ஓடி எடுத்துவந்து, ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் கடைசியாக இறங்கினார். பட்டியல் அதற்குள் ஒயர் ஏறிப் போயிருந்தது.

ஷிஃப்ட் முடிந்ததும் போர்மேன் திரும்ப வாங்கும் ஜன்னலில் இருந்த திரையை எட்டிப் பார்த்தார். 'கீழே யாரும் இல்லை' என்றிருந்தது.

"பரவால்லயேம்மா! டோக்கன் எண்ண வாணாம், இதுவே சொல்லுதே!"

வெடிக்கு உத்தரவு சொல்லப் போனை எடுத்தார். நான் பழக்கத்தில் பலகையைப் பார்த்தேன். தினமும் என் கண் தேடுவது அவர் டோக்கனைத்தான். அது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! போன வைங்க சார்! எங்க வூட்டுக்காரரு கீழ கீறாரு!"

முதல் மெஷினுக்கு ஓடினேன். அதில் அவர் பெயர் இருந்தது. இரண்டாவதில் இல்லவே இல்லை. போனது பட்டியல் அல்ல, காலையில் எடுத்த நகல். பிறகு இங்கே சேர்த்த பெயர் அங்கே எப்படித் தெரியும்? கேஜை மறுபடி இறக்கச் சொல்லிக் கத்தினேன்.

கேஜ் இறங்கி, வேலை முடியாமல் பின்தங்கியிருந்த அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. ஆணியிலிருந்து எடுத்த அவர் டோக்கன் என் கைக்குள் இருந்தது.

"இன்னாமே, பேயடிச்ச மாதிரி கீற? டோக்கனக் குடு."

"யோவ், நீ இன்னிக்கு இறங்கவே இல்லன்னு சொல்லிச்சுய்யா அந்தக் கம்ப்யூட்டரு."

"அப்ப ஒரு நாள் சம்பளம் போச்சா?" என்று சிரித்தார்.

எல்லார் எதிரிலும் ஓங்கி ஒன்று விட்டேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.