முப்பத்தாறு விரிப்புகளுக்கு ஒரு விளக்கம்

அம்மாவுக்கு எதையும் நடுவில் தொடங்கத் தெரியாது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட மேலிருந்து கீழ்வரை படிப்பாள். எத்தனை வேளை என்பதைத் தேட மாட்டாள். வரிசையில் வரும்போது வரட்டும் என்று இருப்பாள். அதற்குள் தலைவலி தானாகவே போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று கேட்டால், தான் கதவைத் திறந்ததிலிருந்து ஆரம்பிப்பாள்.

நான் இதற்கு நேர் எதிரான வேலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். இப்போது ஒரு டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்புக்கு வாசிப்புப் பாடம் எடுக்கிறேன். ஒரு பத்தியைப் பார்த்ததும் அது எந்த அமைப்பில் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். 'ஏனெனில்', 'ஆகவே' வந்தால் காரணமும் விளைவும். 'மாறாக' வந்தால் ஒப்பீடு. அந்தச் சொற்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார்கள். அம்மாவின் பேச்சில் வட்டமிட ஒரே சொல்தான் உண்டு: அப்புறம்.

அவள் வேலை செய்வது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புவார்கள். முதல் எட்டு வருடம் மடிப்பு மேசையில் நின்று வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியாது, நான்தான் வாரிவிடுகிறேன். அதன் பிறகு உலர்த்தும் இயந்திரங்களைக் கொடுத்தார்கள். பதிமூன்று வருடமாக மூன்று இயந்திரங்கள் அவள் பொறுப்பில்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அதில் ஒன்றில் முப்பத்தாறு விரிப்புகள் கருகிவிட்டன. மறுநாள் மேனேஜர் மெமோ கொடுத்தார். காரணம் என்ன என்று திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் மடிப்பு மேசை. அம்மா அதைக் கைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவகாசமாக என்னிடம் நீட்டினாள்.

"எழுதிக் குடு."

"சரி. ஏன் கருகிச்சு?"

"அன்னைக்கு வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே லேட்டு. அப்புறம் பஸ்ஸுல ஏறினா..."

"அம்மா, பஸ் வேணாம். மெஷினுக்கு வா."

"மெஷினு எங்க போயிடப் போகுது? அங்கயேதான் இருக்கு."

வந்தாள். துணியைப் போட்டாள், அப்புறம் பொத்தானை அழுத்தினாள், அப்புறம் அடுத்த இயந்திரத்திலிருந்து துணி எடுக்கப் போனாள், அப்புறம் கருகல் வாடை வந்தது. சூடு ஏறினால் தானாக நிற்க வேண்டிய இயந்திரம் நிற்கவில்லை.

"ஏன் நிக்கல?"

"அதான், பஸ்ஸுல ஏறினப்ப..."

"மறுபடியும் பஸ்ஸா? கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாதா உனக்கு?"

எழுதிய நாலு வரியை வாசித்துப் பார்த்தேன். இவள் கவனிக்காமல் விட்டாள் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. மடிப்பு மேசை வேண்டுமென்று நாமே விண்ணப்பம் போட்ட மாதிரி இருந்தது.

பேனாவைப் போட்டுவிட்டேன். "முதல்லேர்ந்தே சொல்லித் தொலை."

காலை நீட்டி உட்கார்ந்து, வீட்டைப் பூட்டியதிலிருந்து தொடங்கினாள். பஸ்ஸில் சலவைக்கூடத்து மெக்கானிக் உட்கார்ந்திருந்தாராம். அவர் மகளுக்குக் காய்ச்சலாம். அப்புறம், ரெண்டாம் நம்பர் இயந்திரத்தில் சூடு நிற்பதில்லை என்று அம்மா திங்கட்கிழமை சொன்னதை அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லிவிட்டாராம். ஒரு பார்ட் மாற்ற வேண்டும் என்றதற்கு, மாசக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ஓடட்டும் என்றாராம் மேனேஜர். அப்புறம் கண்டக்டர் யாருடனோ சண்டை போட்டாராம்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொல்ல விட்டியா? ரெண்டு தடவை பஸ்ஸுல ஏறினேன். ரெண்டு தடவையும் இறக்கி விட்டுட்ட."

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பாதிப் பத்தியைத் தள்ளிவிட்டு வாசித்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். எனக்கு யார் குறைப்பது? அந்த எரிச்சலிலேயே புதுத்தாள் எடுத்து, பழுது தெரிந்தும் மேனேஜர் தள்ளிப்போட்டதே காரணம் என்று முதல் வரியில் எழுதினேன்.

அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"காரணம்தானே கேட்டாங்க? இதுதான் காரணம்."

"கேட்டவரே அவர்தான். இது விளக்கம் இல்ல, புகார். மொத வரியிலயே மூஞ்சியில அடிச்சா ரெண்டாவது வரியை யாரு படிப்பா?"

"அப்ப பொய் எழுதச் சொல்றியா?"

"ஒரு எழுத்துகூடப் பொய் வேணாம். திங்கக்கிழமை நான் சொன்னது, அப்புறம் மெக்கானிக்கு அவர்கிட்ட சொன்னது, அவர் சொன்ன பதில், அப்புறம் வியாழக்கிழமை. நாள் போட்டு நடந்தபடி எழுது. யார் தப்புன்னு மட்டும் எழுதாத. அவருக்கும் படிக்கத் தெரியும்."

"பயந்தாங்கொள்ளி."

"உன் தோளா போச்சு?"

அவள் சொன்னபடியே எழுதினேன். ஆறு வரி. வட்டமிட ஒரு 'ஆகவே' கூட இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும்போதுதான், முந்தின நாள் வந்த பதிலைக் காட்டினாள். புதுப் பார்ட் மாட்டியாகிவிட்டதாம். தாளில் இரண்டே வரி: 'விளக்கம் ஏற்கப்பட்டது. இனிமேல் கவனமாகப் பணியாற்றவும்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ என்ன கவனமா இருக்கணும்? அவர்தானே இருந்திருக்கணும்?"

"மெஷினு எனக்குத்தான்னு மொத வரியில இருக்குல்ல? ரெண்டாவது வரி எனக்கு எழுதினது இல்ல. அவருக்காக அவரே எழுதிக்கிட்டது. விட்டுடு."

விட மனமில்லை. அந்த இரண்டாவது வரிக்குப் பதில் எழுதியே தீருவேன் என்றேன்.

"எழுது. என் பேரை மட்டும் போடாத" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.